24 வயது, முன்தலை ஏறிவிட்டது: எஃப்யூஇ, எஃப்யூடி, டிஎச்ஐ, எதைத் தேர்ந்தெடுப்பது? (சுங்கை சிப்புட்)

கதிர்_சிப்புட்

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 24. செம்பனை ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை. 19 வயதிலேயே நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறத் தொடங்கிவிட்டது. இப்போது ஆண் வழுக்கையை அளக்கும் நோர்வூட் அளவுகோலில் 3, உச்சியிலும் மண்டை தெரிய ஆரம்பித்திருக்கிறது என்கிறார்கள். அப்பாவுக்கு 30 வயதுக்குள் முழு வழுக்கை. தாய்மாமா இருவருக்கும் அதே கதைதான்.

முடி மாற்று அறுவைக்கு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டேன். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் எஃப்யூஇ, 2,500 கிராஃப்ட் (எடுத்து நடும் வேர்க்கொத்து), ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார்கள். கோலாலம்பூரில் ஓர் இடத்தில் டிஎச்ஐதான் இப்போது புதுசு, தழும்பே வராது, 3,500 கிராஃப்ட் வைக்கலாம், இந்த மாதமே பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். பினாங்கில் ஒரு டாக்டர் மட்டும், முதலில் ஒரு வருடம் மருந்து போடு, அப்புறம் தேவைப்பட்டால் எஃப்யூடி பார்க்கலாம் என்றார். யாரை நம்புவது?

வீட்டில் எனக்குப் பெண் பார்க்கும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. புகைப்படம் கேட்டால் தொப்பி போட்ட படத்தைத்தான் அனுப்பச் சொல்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு விஷயம், அம்மா எனக்காக ஈப்போ கல்லுமலைக் கோயில் முருகனுக்கு மொட்டை நேர்ந்திருக்கிறார். அதையும் தைப்பூசத்தில் செலுத்தியாக வேண்டும். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில் கொஞ்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்கவேண்டும். செய்தவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புந்தோங்_மணி

தம்பி, நான் 26 வயதிலிருந்து மழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். என் மனைவிக்கு இது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. அறுவைக்குப் போவதற்கு முன்னால் இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லிவைக்கிறேன்.

கதிர்_சிப்புட்

நன்றி அண்ணே. உங்களுக்கு மன நிம்மதியாக இருந்தால் அதுவே சரி. எனக்கு இன்னும் அந்த மனசு வரவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது.

ஈப்போ_தாதி

தம்பி கதிர், முடி மாற்று சிகிச்சை நடக்கும் அறையில் தாதியாகப் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது வேறு பிரிவில் இருக்கிறேன், எந்தக் கிளினிக்குக்கும் ஆள் சேர்க்கும் வேலை எனக்கில்லை. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நேராகவே சொல்கிறேன்.

உன்னிடம் மூன்று வழிமுறை என்று சொல்லியிருக்கிறார்கள். முடியை எடுக்கும் வழி இரண்டுதான். எஃப்யூடியில் பின்னந்தலையில் காதுக்குக் காது ஒரு பட்டையாகத் தோலை அறுத்து எடுப்பார்கள். அகலம் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. அந்த இடத்தைத் தையல் போட்டு மூடிவிடுவார்கள். எடுத்த பட்டையை நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து நுண்நோக்கியில் பார்த்து மெல்லிய சீவல்களாக அறுப்போம். சீவலிலிருந்து ஒவ்வொரு வேர்க்கொத்தாகப் பிரிப்போம். ஒரு கொத்தில் ஒரு முடி இருக்கும், இரண்டு இருக்கும், நான்கு வரைக்கும் இருக்கும். ஈரத்துணி விரித்த தட்டில் பத்துப் பத்தாக அடுக்கி, காயவிடாமல் குளிர்ச்சியில் வைப்போம். ஒற்றை முடி உள்ளவை நெற்றியின் முதல் வரிசைக்கு, இரண்டு மூன்று உள்ளவை பின்னால். கொஞ்சம் காய்ந்துபோனாலும் அந்த வேர் செத்துவிடும். வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் இந்த வேலை தெரிவதில்லை. பலன் வருவதும் போவதும் பாதி இங்கேதான்.

எஃப்யூஇயில் பட்டை எடுப்பதில்லை. பின்னந்தலையை ஒட்ட மழித்துவிட்டு 0.7 முதல் 1 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள வட்டக் கத்தியால் ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாகச் சுற்றி அறுத்து உருவுவார்கள். தோலுக்கு வெளியே முடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உள்ளே வேர் வேறு கோணத்தில் போகும். கத்தி பிடிப்பவருக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லாவிட்டால் வேர் நடுவில் வெட்டுப்படும். எண்ணிக்கையில் அதுவும் ஒரு கிராஃப்ட் என்றுதான் வரும், ஆனால் அது முளைக்காது.

டிஎச்ஐ என்பது நடும் வழி. கொரியாவில் கியோங்புக் பல்கலைக்கழகத்தில் 1992 வாக்கில் உருவான சோய் பேனா என்ற கருவியால் துளை போடுவதையும் நடுவதையும் ஒரே அசைவில் செய்கிறார்கள். நல்ல கருவிதான், நெருக்கமாக நடுவதற்கு உதவும். ஆனால் முடியை எடுப்பது அதே எஃப்யூஇ வழியில்தான். ஆகவே "தழும்பே வராது" என்று சொன்னது பொய். எஃப்யூடியில் ஒரு கோடு விழும். எஃப்யூஇ, டிஎச்ஐ இரண்டிலும் எடுத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி விழும். 3,500 கிராஃப்ட் எடுத்தால் 3,500 புள்ளி.

கிள்ளான்_வாசு

நான் 33 வயதில் எஃப்யூஇ செய்தேன். அக்கா சொன்னது எல்லாம் சரி, கூடவே என் பக்கத்தையும் சொல்கிறேன்.

காலையில் மழித்து, மரத்துப்போகும் ஊசி போடும்போதுதான் வலி. அப்புறம் குப்புறப் படுத்து மணிக்கணக்கு. வீட்டுக்கு வந்து சில இரவு தலையணையை உயர்த்தி, சாய்ந்தபடியே தூங்கவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண் வரைக்கும் இறங்கியது. பயந்துபோய் டாக்டருக்குப் படம் அனுப்பினேன், இது எதிர்பார்த்ததுதான், தானாக வடியும் என்றார், வடிந்தது. பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. அதற்கடுத்த வாரங்களில் நட்ட முடியும் கொட்டிவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அப்படியிருந்தும் மனது கலங்கத்தான் செய்தது. வேர் உள்ளே இருக்கிறது, தண்டு மட்டும்தான் விழுகிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்த்தது, ஒரு வருடத்தில் முழுசாகத் தெரிந்தது.

பின்னந்தலையை இரண்டாம் நம்பர் மிஷினில் வெட்டினாலும் வெளியே தெரிவதில்லை. வேலைக்கும் சீக்கிரம் திரும்பிவிட்டேன். அதனால் தம்பிக்கு என் வாக்கு எஃப்யூஇ. பட்டையாக அறுப்பது பழைய காலத்து வழி.

தாப்பா_குமரன்

பழைய காலத்து வழி என்று ஒதுக்கிவிட முடியாது, வாசு. நான் எஃப்யூடிதான் செய்தேன், இப்போதும் அதையே சொல்வேன்.

பழைய வழி என்றால் அது 1950களில் நியூயார்க்கில் டாக்டர் ஓரென்ட்ரைக் தொடங்கிய முறை. நான்கு மில்லிமீட்டர் வட்டமாகத் தோலோடு எடுத்து நடுவார்கள், கொத்துக் கொத்தாகப் பொம்மை முடி மாதிரி தெரியும். ஆனால் அவர் கண்டுபிடித்த அடிப்படை இன்றைக்கும் நிற்கிறது. பின்னந்தலை முடியை எங்கே நட்டாலும் அது பின்னந்தலை முடியின் குணத்தோடுதான் வாழும், முன்தலை முடி மாதிரி கொட்டாது. நுண்நோக்கியில் வேர்க்கொத்தாகப் பிரித்து நடும் எஃப்யூடி 1990களில் வந்தது. எஃப்யூஇ மருத்துவ இதழில் விரிவாக எழுதப்பட்டது 2002இல். இரண்டுக்கும் இடையே பத்து வருடம்கூட இல்லை.

எனக்கு எஃப்யூடியில் என்ன லாபம்? பட்டையை எடுப்பது பின்னந்தலையின் நடுவில், முடி மிக உறுதியாக இருக்கும் இடத்தில். அதற்கு மேலும் கீழும் உள்ள முடியை யாரும் தொடவில்லை. நாளைக்கு இன்னும் தேவைப்பட்டால் அதிலிருந்து எஃப்யூஇ வழியில் எடுக்கலாம். வழுக்கை பெரிதாகப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் மொத்த எண்ணிக்கை கூடுகிறது. கதிரின் அப்பாவும் மாமாக்களும் இருக்கும் நிலையைப் பார்த்தால் அவர் அந்த வகைதான்.

மொட்டை விஷயத்தையும் மறைக்கவில்லை. கல்லுமலையில் நானும் முடி இறக்கினேன். சந்தனம் பூசிக் காய்ந்ததும் அந்தக் கோட்டில் மட்டும் வெடித்து நின்றது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பாட்டி, "விபத்தாய்யா?" என்று கேட்டு விரலால் தொட்டுப் பார்த்தார். சிகிச்சை என்றேன், முருகன் பார்த்துக்கொள்வான் என்றார். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் உனக்கு இருக்கும் என்றால் இப்போதே யோசித்துக்கொள்.

கதிர்_சிப்புட்

அண்ணே, இதைத்தான் கேட்க நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் அடிக்கடி மொட்டை போடுவோம். அப்படியென்றால் எஃப்யூஇதானே எனக்குச் சரி?

ஈப்போ_தாதி

சவரக்கத்தி போட்டு முழு மொட்டை என்றால் இரண்டும் தெரியும் தம்பி. நம் தோல் கறுப்பு. எஃப்யூஇ எடுத்த இடம் ஆறும்போது சிலருக்கு அந்தப் புள்ளியில் நிறம் திரும்புவதில்லை, வெள்ளை வெள்ளையாக நின்றுவிடும். வெள்ளைத் தோல் உள்ளவர்களைவிட நமக்கு அது பளிச்சென்று தெரியும். சில மில்லிமீட்டர் முடி வளர்ந்துவிட்டால் மறைந்துவிடும், கோடு மறைய அதைவிட நீளமாக வளரவேண்டும். அந்த அளவில் வித்தியாசம் உண்மைதான். கோட்டைக்கூட, ஓரத்தைச் சாய்வாகச் சீவித் தைத்தால் தழும்புக்குள்ளிருந்தே முடி முளைத்து ஓரளவு மறைக்கும். கையில் அந்த வேலை உள்ள டாக்டராக இருக்கவேண்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். உனக்கோ வீட்டில் யாருக்கோ காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்துப் புடைத்து நிற்கிறதா? இருந்தால் முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல். இப்படித் தடிக்கும் தழும்பு, அதாவது கெலாய்ட், வரும் உடம்பில் பட்டை அறுப்பது பெரிய ஆபத்து. எஃப்யூஇகூட யோசித்துத்தான் செய்யவேண்டும்.

உன் வேலையையும் பார்க்கவேண்டும். எஃப்யூடி செய்தால் தையல் பிரிக்கப் பத்து, பதினான்கு நாள் ஆகும். அதற்கு அப்புறமும் சில வாரத்துக்கு பாரம் தூக்குவது, கழுத்தை முழுசாகக் குனிவது கூடாது, இழுவை பட்டால் கோடு அகலமாகிவிடும். எஃப்யூஇக்கு இந்தக் கெடுபிடி குறைவு. ஆனால் எந்த முறையாக இருந்தாலும் நட்ட இடத்தில் முதல் பத்து நாள் எதுவும் உரசக்கூடாது. ஆலையில் நீ போடும் சேஃப்டி ஹெல்மெட்டின் உள்பட்டை சரியாக நெற்றி வரிசையில்தான் அழுத்தும். மோட்டார் ஹெல்மெட்டும் அப்படியே. பாய்லர் பக்கத்தில் வேர்வை வேறு. லீவு எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டுதான் தேதி குறிக்கவேண்டும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உன் அம்மா அப்படி நினைத்தால் அவருக்காக. ஹெல்மெட் போட்டதால் வழுக்கை விழவில்லை. தோட்டத்துத் தண்ணீராலும் இல்லை.

தைப்பிங்_செல்வி

என் தம்பி 25 வயதில் வெளிநாட்டுப் பேக்கேஜில் போய்ச் செய்துகொண்டு வந்தான். விமான டிக்கெட், ஹோட்டல், சிகிச்சை எல்லாம் ஒரே விலை. இடத்தின் பெயர் சொல்ல விரும்பவில்லை. டாக்டர் வந்து நெற்றியில் பேனாவால் கோடு போட்டதோடு சரி. எடுத்தது, துளையிட்டது, நட்டது எல்லாம் வேறு ஆட்கள். அவர்கள் யார், என்ன படித்தவர்கள் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

முன்தலையில் முளைத்தது உண்மை. முதல் வருடம் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் பின்னந்தலையில் 4,500க்கு மேல் எடுத்திருக்கிறார்கள், அதுவும் ஓரங்களில், கழுத்து வரைக்கும். இப்போது பின்னால் பூச்சி அரித்த துணி போல இருக்கிறது, முடி வெட்டும் கடையில் உட்காரவே மாட்டேன் என்கிறான். உச்சி தொடர்ந்து கொட்டுகிறது, அங்கே நட முடி கையிருப்பில் இல்லை என்று பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

உரிமம் இல்லாத ஆட்கள் அறுப்பது உலகம் முழுக்க உள்ள பிரச்சினை. முடி சீரமைப்பு டாக்டர்களின் சர்வதேசச் சங்கமே இதை எதிர்த்து இயக்கம் நடத்துகிறது. தம்பி கதிர், உன்னிடம் முறையின் பெயரை யாரும் எவ்வளவு அழகாகச் சொன்னாலும், கத்தியை யார் பிடிப்பார் என்று கேள். என் தம்பிக்குச் செய்ததும் எஃப்யூஇதான், வாசு அண்ணனுக்குச் செய்ததும் எஃப்யூஇதான்.

பால்மரத்து_மாமா

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இந்த சிகிச்சை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருடம் பால் மரம் (ரப்பர் மரம்) சீவியவன் நான்.

மரம் சீவும்போது பட்டையை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்தான் எடுப்போம். உளி உள்ளே இறங்கிக் காயம் பட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிவிடும், மறுபடி சீவ முடியாது. ஒரே மூச்சில் நிறையப் பால் வேண்டும் என்று ஆழமாக, தினமும், சுற்றிச் சுற்றிச் சீவினால் மரம் வறண்டுவிடும். பட்டையைப் பங்கு போட்டு, இந்தப் பக்கம் இத்தனை வருடம், அந்தப் பக்கம் இத்தனை வருடம் என்று கணக்கு வைத்தால் 25 வருடம் பால் கொடுக்கும். அதுவும் சீவிய பட்டை ஏழெட்டு வருடத்தில் திரும்ப வளரும். பின்னந்தலையில் எடுத்த முடி திரும்ப வளராது என்று செல்வி சொல்வதிலிருந்து தெரிகிறது. 24 வயதில் எவ்வளவு சீவுவது என்று கதிர்தான் முடிவெடுக்கவேண்டும், பேக்கேஜ் விற்பவன் இல்லை.

ஈப்போ_தாதி

மாமா சொன்னது அப்படியே சரி. ஒரு மனிதனின் பின்னந்தலையில் வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சுமார் 4,000 முதல் 6,000 கிராஃப்ட். சிலருக்குக் கூடுதலாகவும் இருக்கும், மெல்லிய முடிக்காரர்களுக்குக் குறையும். முழு வழுக்கைத் தலையைப் பழையபடி நிரப்ப இது போதாது. அதனால்தான் எந்த வயதில், எங்கே, எவ்வளவு என்ற கேள்வி முதலில் வருகிறது, எஃப்யூடியா எஃப்யூஇயா என்பது அதற்கு அப்புறம்தான்.

24 வயதில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார். உனக்கு 18 வயதில் இருந்த நெற்றி வேண்டும். டாக்டரும் சரியென்று தாழ்வாகக் கோடு போட்டு 3,500 நட்டுவிடுகிறார். நட்டது நிற்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் உன் சொந்த முடி மருந்தில்லாமல் தொடர்ந்து கொட்டும். 32 வயதில் நெற்றியில் ஒரு கீற்று முடி, அதற்குப் பின்னால் வெற்றிடம், அப்புறம் உச்சி. அந்த இடைவெளியை நிரப்ப இன்னும் 3,000 வேண்டும். பின்னந்தலையில் மீதி எவ்வளவு? இப்படித் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 40 வயது முகத்துக்கும் பொருந்துகிற மாதிரி கொஞ்சம் உயரமாக, ஓரங்களில் லேசாக ஏறின கோடு போடுபவர்தான் உன் நலம் பார்க்கிறவர்.

கிள்ளான்_வாசு

அக்கா, ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பொறு பொறு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பெண் பார்க்கிற வயது 24, 25. நாற்பது வயதில் முடி வந்து அவனுக்கு என்ன பயன்? எனக்கு 33 வரை காத்திருந்த வருடங்கள் திரும்பி வரவில்லை. எந்தப் படத்திலும் நான் இல்லை, எல்லாவற்றிலும் ஒதுங்கி நின்றேன். அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

ஈப்போ_தாதி

வாசு, அந்த விலை பெரியது, நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. நாற்பது வரை காத்திருக்கச் சொல்லவும் இல்லை. மருந்தில் கொட்டுவது நிற்கிறதா என்று ஒரு வருடம் பார்த்துவிட்டு, நின்றால் 25, 26 வயதிலேயே அளவோடு முன்பக்கம் மட்டும் செய்யலாம். கொட்டிக்கொண்டிருக்கும் தலையில் போய் நடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பீடோர்_மருந்தகம்

மருந்தாளராக நான் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் எண்ணெயையும் இந்த மருந்துகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள்.

ஆண் வழுக்கைக்குக் காரணம் டிஎச்டி என்ற ஹார்மோனால் முன்தலை, உச்சி வேர்கள் பரம்பரையாகவே சுருங்கிப்போவது. ஃபினாஸ்டரைட் மாத்திரை அந்த டிஎச்டியைக் குறைக்கிறது. வழுக்கைக்கான 1 மில்லிகிராம் அளவுக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததால் தலையில் தடவும் மருந்தாக 1988இல் வந்தது. இரண்டும் நிறுத்தினால் பலனும் போய்விடும். மினாக்ஸிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும், பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் எதையும் முடிவு கட்ட முடியாது.

பக்கவிளைவை மறைக்கக்கூடாது. ஃபினாஸ்டரைட்டால் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், விறைப்புத் தளர்ச்சி வரும். ஆய்வுகளில் ஒவ்வொன்றும் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு, பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிறது, சிலருக்கு நீடித்ததாகவும் பதிவாகியிருக்கிறது. மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இந்த மாத்திரையின் பக்கவிளைவுதான் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2025இல் உறுதி செய்தது. மனநிலை மாறுவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவேண்டும். ஆகவே மருத்துவர் சீட்டு இல்லாமல் இணையத்தில் வாங்காதே. கல்யாணம் ஆன பிறகு, கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. ரத்த தானம் செய்யும்போதும் சொல்லவேண்டும்.

எந்த மருந்து வாங்கினாலும் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பார். டிக்டாக்கில் விற்கும் குப்பியில் அது இருக்காது.

தோட்டத்து_கிராணி

பணக் கணக்கு யாரும் பேசவில்லை. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). பேக்கேஜ் 15,000 வெள்ளி என்று வைத்துக்கொள், ஒன்பது மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். ஈபிஎஃப் மூன்றாம் கணக்கு 2024 மே மாதம் திறந்தார்கள், எதற்கும் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மாதாமாதம் சேரும் சந்தாவில் பத்தில் ஒரு பங்குதான் அதில் விழுகிறது, வேலையில் சேர்ந்து சில வருடம் ஆன பையனுக்கு அதில் பெரிதாக எதுவும் இருக்காது. மீதி கடன்தான். அறுவை முடிந்ததும் செலவு முடிவதில்லை, மருந்து தொடரும், இரண்டாவது அறுவையும் வரலாம். "இந்த மாதம் மட்டும் தள்ளுபடி" என்று சொல்லி அவசரப்படுத்தும் இடத்தில் முன்பணம் கட்டாதே.

தாப்பா_குமரன்

நான் போவதற்கு முன்னால் செய்ததைச் சொல்கிறேன். மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பக்கத்தில் டாக்டரின் பெயரைத் தேடினேன், பதிவும் அந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழும் இருந்தன. பிறகு நேரில் கேட்டேன்: எடுப்பதும் துளையிடுவதும் நீங்களேவா, ஒரு நாளில் எத்தனை பேருக்குச் செய்வீர்கள், என் பின்னந்தலையைக் கருவியில் பார்த்து அடர்த்தி எவ்வளவு என்று சொல்லமுடியுமா, என் வயதில் உங்களிடம் செய்துகொண்டவர் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார். கடைசிக் கேள்விக்கு ஒரு டாக்டர் கோபப்பட்டார், எழுந்து வந்துவிட்டேன். இன்னொருவர் பழைய படங்களை எடுத்துக் காட்டினார், சரியாக வராத ஒன்றையும் சேர்த்து. அவரிடம்தான் செய்தேன்.

கதிர்_சிப்புட்

சில வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எழுதியதை எல்லாம் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

சுங்கை சிப்புட் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன், பதிவுக்கு 1 வெள்ளி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, சமீபத்தில் டெங்கி வந்ததா என்று. வந்தது. அந்தக் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொட்டும், அது தானாகத் திரும்பும், அதையும் பரம்பரை வழுக்கையையும் சேர்த்துப் பார்த்ததால்தான் இவ்வளவு மோசமாகத் தெரிகிறது என்றார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்தார்கள். விளக்கு பொருத்திய ஒரு கண்ணாடியை முன்தலையிலும் பின்னந்தலையிலும் வைத்துத் திரையில் காட்டினார். முன்தலையில் தடித்த முடிக்கு நடுவே நூல் மாதிரி மெலிந்தவை நிறைய. பின்னால் எல்லாம் ஒரே தடிமன். பின்னந்தலையும் மெலிந்திருந்தால் எந்த முறையிலும் அறுவை கூடாது, உனக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

மாத்திரையும் தடவும் மருந்தும் தொடங்கியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். வரும் தைப்பூசத்தில் அம்மாவின் நேர்த்தியை முடித்துவிடுவேன், தலையில் எந்தத் தழும்பும் இல்லாமல். அடுத்த வருடம் கொட்டுவது நின்றிருந்தால் முன்பக்கம் மட்டும், எஃப்யூஇ, கையை நம்பக்கூடிய ஒரு டாக்டரிடம். எஃப்யூடியைக் கைவிடவில்லை, குமரன் அண்ணே, பின்னால் உச்சிக்குத் தேவைப்பட்டால் அதற்கு வைத்துக்கொள்கிறேன். காது குத்திய தழும்பு எனக்கும் அப்பாவுக்கும் சாதாரணமாகத்தான் இருக்கிறது, அக்கா.

பெண் வீட்டாருக்குத் தொப்பி இல்லாத படத்தை அனுப்பியாகிவிட்டது.

இன்னொரு கேள்வி, பீடோர் அண்ணனுக்கு. என் தம்பிக்கு 17 வயது. அவனுக்கும் நெற்றி ஏற ஆரம்பித்திருக்கிறது. என் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

பீடோர்_மருந்தகம்

கொடுக்கவே கூடாது. ஃபினாஸ்டரைட் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை. உடைத்த மாத்திரையை வீட்டில் பெண்கள் கையாளவும் வேண்டாம். 17 வயதில் நெற்றியின் ஓரம் கொஞ்சம் ஏறுவது பல பையன்களுக்கு வழுக்கையே இல்லை, சிறுவன் நெற்றி பெரியவன் நெற்றியாக மாறுவதுதான். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது தம்பியையும் கிளினிக்கில் காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு கூட்டிப் போ. அதே கருவியில் அவனுடைய முன்தலையையும் பார்க்கட்டும். அவனுக்கும் இன்றைக்கே படம் எடுத்து வைத்துவிடு, ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அது உதவும்.